டெலவேர்: கம்பெனிச் சட்டத்தை விற்றுச் சம்பாதிக்கும் குட்டி மாநிலம்

சென்னையில் பிறந்து, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை வரை போன ஃப்ரெஷ்வொர்க்ஸைப் பலரும் அறிவார்கள். அதன் தலைமையகம் கலிஃபோர்னியாவில் இருக்கிறது, ஊழியர்களில் பெரும்பகுதி இந்தியாவில். ஆனால் சட்டப்படி அது டெலவேர் கம்பெனி. அமேசான், வால்மார்ட், கோக்ககோலா, கூகுளின் தாய்க் கம்பெனியான ஆல்ஃபபெட் எல்லாமே அப்படித்தான். அமெரிக்காவின் முதல் 500 கம்பெனிகளைப் பட்டியலிட்டால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு டெலவேரில் பதிவானவை. மொத்தமாகப் பார்த்தால் அங்கே பதிவாகியிருக்கும் நிறுவனங்கள் 20 லட்சத்துக்கும் மேல். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வசிக்கும் மனிதர்களோ 9,89,948 பேர்தான். ஆளுக்கு இரண்டு கம்பெனி!

ஏன் என்று கேட்டால் உடனே வரும் பதில், "அங்கே வரி கிடையாது". பாதிக்கு மேல் தப்பான பதில் இது. டெலவேரில் பதிவு செய்துவிட்டு டெக்சாஸில் தொழில் செய்தால் டெக்சாஸ் கேட்கும் வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும். டெலவேருக்குள்ளேயே தொழில் செய்தால் லாபத்தில் 8.7 சதவீதம் வரி உண்டு; அமெரிக்க அளவில் அது குறைவான வீதமே அல்ல. அப்படியானால் எல்லோரும் அங்கே போய் நிற்பது எதற்காக? அதற்குக் கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், ஃபிலடெல்ஃபியாவுக்குச் சற்றுத் தெற்கே தொடங்கிக் கடற்கரை வரை இறங்கும் ஒரு துண்டு நிலம். வடக்கு தெற்காக 154 கிலோமீட்டர், அகலம் ஒடுங்கிய இடத்தில் 15 கிலோமீட்டர்கூட இல்லை. பரப்பில் இதைவிடச் சிறிய மாநிலம் ரோட் ஐலண்ட் மட்டும்தான். மாவட்டம் போன்ற கவுன்ட்டிகள் மூன்றே மூன்று: நியூ காசில், கென்ட், சஸ்ஸெக்ஸ். தலைநகர் டோவர், பெரிய ஊர் வில்மிங்டன். வரைபடத்தில் வடக்கு எல்லை காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் வளைந்திருக்கும். உண்மையிலேயே அப்படி வரைந்ததுதான். நியூ காசில் ஊரின் நீதிமன்றக் கட்டடத்தை மையமாக வைத்து 12 மைல் ஆரத்தில் அளந்த எல்லை அது.

லெனாப்பே, நான்டிகோக் பழங்குடிகள் வாழ்ந்த இந்த மண்ணுக்கு 1631இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். ஒரே வருடத்தில் அந்தக் குடியேற்றம் அழிந்தது. 1638இல் ஸ்வீடன்காரர்கள் இன்றைய வில்மிங்டனில் கோட்டை கட்டினார்கள். 1655இல் மீண்டும் டச்சு, 1664இல் ஆங்கிலேயர், 1682இல் பென்சில்வேனியாவின் வில்லியம் பென். பக்கத்து வீட்டின் திண்ணைபோலக் கிடந்த இந்த மூன்று கவுன்ட்டிகளும் 1704இல் தனிச் சட்டமன்றம் வாங்கின. 1776 ஜூன் 15 அன்று பிரிட்டிஷ் மன்னர், பென்சில்வேனியா இரண்டிடமிருந்தும் ஒரே நாளில் விலகின. 1787 டிசம்பர் 7 அன்று அமெரிக்க அரசியல் சாசனத்தை எல்லோருக்கும் முன்னால் ஏற்றுக்கொண்டதும் டெலவேர்தான். 'முதல் மாநிலம்' என்பதை இன்றும் கார் நம்பர் பிளேட்டில் போட்டுக்கொள்கிறார்கள்.

அந்தப் பெருமைக்குக் கீழே ஒரு கறையும் உண்டு. உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் நின்ற மாநிலம் இது. ஆனால் அடிமைமுறையைக் கைவிடவில்லை. 1860இல் அங்கே அடிமைகள் 1,798 பேர், சுதந்திரக் கறுப்பினத்தவர் கிட்டத்தட்ட 20,000 பேர். மிச்சமிருந்த அந்தச் சிலரையும் அரசே காசு கொடுத்து விடுவிக்கலாம் என்று லிங்கன் சொன்ன யோசனையைக்கூட டெலவேர் ஏற்கவில்லை. அடிமைமுறையை ஒழித்த 13ஆம் திருத்தத்தை 1865இல் நிராகரித்தது. ஒப்புக்குச் சம்மதம் சொன்னது 1901இல்.

வெடிமருந்தும் கோழியும்

பொருளாதாரக் கதை 1802இல் தொடங்குகிறது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் குடும்பத்தோடு அமெரிக்கா வந்த எல்யூதேர் இரேனே டு பான்ட், வில்மிங்டன் அருகே பிராண்டிவைன் ஓடைக்கரையில் வெடிமருந்து ஆலை வைத்தார். நவீன வேதியியலின் தந்தை லவாய்சியரிடம் தொழில் கற்றவர். அந்த ஆலைக் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. மூன்று பக்கம் தடித்த கருங்கல் சுவர்; ஓடையைப் பார்த்த நான்காவது பக்கமும் கூரையும் மட்டும் லேசானவை. மருந்து வெடித்தால் அடி முழுதும் தண்ணீர்ப் பக்கம் போகட்டும், அடுத்த கட்டடம் தப்பட்டும் என்ற கணக்கு. உள்ளே நின்றவர் தப்புவது அந்தக் கணக்கில் இல்லை. வெடிவிபத்தில் செத்தவரைப் பற்றி "ஓடையைத் தாண்டிப் போய்விட்டான்" என்று சொல்வார்களாம் தொழிலாளர்கள்.

அந்த ஆலைதான் டூபான்ட் என்ற ராட்சசக் கம்பெனியாக வளர்ந்தது. 1935இல் வில்மிங்டன் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு நைலானைக் கண்டுபிடித்தது. 1939 கடைசியில் தெற்கே சீஃபோர்டு என்ற சிற்றூரில் உலகின் முதல் நைலான் ஆலை ஓடத் தொடங்கியது. மாநிலமே ஒரு குடும்பத்தின் கைக்குள் இருந்த காலம் அது. பெரிய செய்தித்தாள்கள் டு பான்ட்களுடையவை. மாநிலத்தை வடக்கு தெற்காகக் கடக்கும் நெடுஞ்சாலையைப் போட ஆரம்பித்தவர் கோல்மன் டு பான்ட். கறுப்பினக் குழந்தைகளுக்கு 80க்கும் மேற்பட்ட பள்ளிகளைத் தன் பணத்தில் கட்டியவர் பியர் டு பான்ட். கொடையா ஆதிக்கமா என்று கேட்டால், இரண்டும்தான்.

அந்த நெடுஞ்சாலை தெற்கே வேறொரு தொழிலுக்கு உயிர் கொடுத்தது. 1923இல் சஸ்ஸெக்ஸ் கவுன்ட்டியின் ஓஷன் வியூ கிராமத்தில் செசில் ஸ்டீல் என்ற பெண், முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டு எழுதினார். தவறுதலாக 500 குஞ்சுகள் வந்து இறங்கின. திருப்பி அனுப்பாமல், ஒரு கொட்டகை போட்டு வளர்த்துக் கறிக்கு விற்றார். அதுவரை கோழி என்றால் முட்டைக்குத்தான். முட்டையிட்டு ஓய்ந்தது குழம்புக்குப் போகும். கறிக்கென்றே இளங்கோழி வளர்ப்பதில் நல்ல காசு இருக்கிறது என்று தெரிந்ததும் 1926இல் அவர் 10,000 கோழிக்கு ஷெட் போட்டுவிட்டார். ஊரே அவரைப் பின்பற்றியது. லாரியில் ஏற்றினால் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா சந்தைகளுக்கு நேராகச் சாலை இருந்தது. பல்லடம் வட்டாரத்துப் பண்ணைகள் வரை பரவிய பிராய்லர் தொழிலின் வேர்களில் ஒன்று இந்த 500 குஞ்சு. சஸ்ஸெக்ஸ் இன்றும் அமெரிக்காவில் மிக அதிகமாகக் கறிக்கோழி வளர்க்கும் கவுன்ட்டிகளில் ஒன்று.

பக்கத்து மாநிலம் கதவைச் சாத்தினால்

இனி கம்பெனிக் கதை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரிய கம்பெனிகள் எல்லாம் ஓடிப் போய்ப் பதிவு செய்த இடம் நியூ ஜெர்சி. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியின் பங்குகளை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் தாராளமாக அனுமதித்த மாநிலம் அதுதான். பதிவுக் கட்டணம் கொட்டியது. ஆற்றுக்கு இந்தக் கரையில் இருந்த டெலவேர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. 1897இல் புதிய மாநில அரசியல் சாசனம். 1899இல் பொதுக் கம்பெனிச் சட்டம். நியூ ஜெர்சியின் சட்டத்தைப் பெரும்பாலும் அப்படியே எடுத்து, கட்டணத்தைக் குறைத்துப் போட்டார்கள். வெட்கப்படுகிற வேலையாக யாரும் அதை நினைக்கவில்லை.

அதிர்ஷ்டம் 1913இல் வந்தது. நியூ ஜெர்சி ஆளுநராக இருந்த உட்ரோ வில்சன், ஜனாதிபதி பதவி ஏற்பதற்குச் சற்று முன், ஏகபோகக் கம்பெனிகளை அடக்கும் ஏழு சட்டங்களில் கையெழுத்திட்டார். கம்பெனிகள் மூட்டை கட்டிக்கொண்டு டெலவேருக்கு நடந்தன. சில வருடங்களில் நியூ ஜெர்சி அந்தச் சட்டங்களில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றது. போனவர்கள் திரும்பவில்லை.

ஒரு கம்பெனி எங்கே பதிவாகியிருக்கிறது என்பதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அமெரிக்காவில் ஒரு விதி உண்டு. இயக்குநர்களின் கடமை என்ன, பங்குதாரர்களின் உரிமை என்ன, இருவருக்கும் சண்டை வந்தால் எந்தச் சட்டம் பேசும் என்ற உள்விவகாரங்களுக்கெல்லாம் கம்பெனி பதிவான மாநிலத்தின் சட்டமே பொருந்தும். தொழில் எந்த ஊரில் நடந்தாலும் சரி. அதாவது ஒரு கம்பெனி தனக்கு வேண்டிய சட்டத்தைக் கடையில் பொருள் வாங்குவதுபோலத் தேர்ந்தெடுக்கலாம். டெலவேர் திறந்து வைத்திருப்பது அந்தக் கடையைத்தான்.

அங்கே விற்கும் முதல் சரக்கு நீதிமன்றம். 1792இல் தொடங்கிய சான்சரி நீதிமன்றத்துக்கு ஜூரி கிடையாது. தலைமை நீதிபதியான ஒரு சான்சலரும், நீதிபதிகளான ஆறு துணைச் சான்சலர்களும் மட்டும். பழைய இங்கிலாந்தில் இரண்டு வகை நீதிமன்றங்கள் இருந்தன. ஒன்று விதிப்படி நஷ்ட ஈடு தரும். சான்சரி என்ற இன்னொன்று, நியாயம் எது என்று பார்த்து "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று உத்தரவிடும். இங்கிலாந்து 1870களில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. டெலவேர் ஒன்றாக்காமல் விட்டது. பிறர் பணத்தை நம்பிக்கையின்பேரில் கையாளும் இயக்குநர் அந்த நம்பிக்கைக்குத் துரோகம் செய்தாரா என்பது சான்சரியின் பரம்பரை வேலை. ஆகவே நவீனக் கம்பெனி வழக்குகள் வந்தபோது நீதிமன்றம் தயாராகக் காத்திருந்தது. நூறு வருடத் தீர்ப்புகள் குவிந்து கிடப்பதால், "இதைச் செய்தால் வழக்கில் என்ன ஆகும்?" என்று கேட்டால் வக்கீல் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது. கம்பெனிகள் காசு கொடுப்பது அந்த உறுதிக்குத்தான்.

வேகத்துக்கு ஒரு உதாரணம் போதும். ட்விட்டரை 4,400 கோடி டாலருக்கு வாங்குவதாக ஒப்பந்தம் போட்ட ஈலான் மஸ்க் பின்வாங்கியதும், 2022 ஜூலையில் ட்விட்டர் சான்சரியில் வழக்குப் போட்டது. அக்டோபரிலேயே விசாரணை என்று தேதி குறித்துவிட்டார்கள். வேறு இடமாக இருந்தால் வருடக்கணக்கில் இழுத்திருக்கும். விசாரணை நெருங்கியதும், ஒப்புக்கொண்ட அதே விலைக்கு மஸ்க் அக்டோபர் முடிவதற்குள் ட்விட்டரை வாங்கிக்கொண்டார்.

இதே நீதிமன்றத்தைப் பற்றி, கம்பெனிக் கட்டுரைகளில் அதிகம் பேசப்படாத இன்னொரு வழக்கும் உண்டு. 1950களின் தொடக்கம். தன் வீட்டு வழியாகவே வெள்ளைக் குழந்தைகளின் பள்ளிப் பேருந்து போவதைப் பார்த்த ஒரு கறுப்பினத் தாய், தன் மகளையும் அதில் ஏற்றிக்கொள்ளக் கேட்டார். மறுத்தார்கள். லூயிஸ் ரெடிங் என்ற வக்கீல் வழக்கை எடுத்தார். கேட்டது நஷ்ட ஈடு இல்லை, உத்தரவு. எனவே வழக்கு சான்சரிக்குப் போனது. 1952இல் சான்சலர் காலின்ஸ் சைட்ஸ், வழக்குத் தொடுத்த கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் பள்ளிகளில் உடனே சேர்க்கச் சொன்னார். 1954இல் பள்ளிப் பாகுபாட்டை ஒழித்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட ஐந்து வழக்குகளில், கீழ்நீதிமன்றத்தில் மாணவர் பக்கம் வென்றது டெலவேர் வழக்கு மட்டும்தான்.

இரண்டாவது சரக்கு, மாறாத சட்டம். கம்பெனிச் சட்டத்தில் கை வைக்க வேண்டுமென்றால் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று 1897 சாசனமே கட்டிப்போட்டிருக்கிறது. இதைவிடப் பெரிய கட்டு ஒன்று உண்டு, அது மாநிலம் சிறியதாக இருப்பது. கம்பெனிகள் கட்டும் வருடாந்தரக் கட்டணங்கள் மாநிலப் பொது நிதி வருவாயில் கால் பங்குக்கும் மேல். கலிஃபோர்னியாவுக்கு அதே தொகை கிடைத்தால் பட்ஜெட்டில் கண்ணுக்கே தெரியாது. கடை வருமானத்தில் பாதியை ஒரே வாடிக்கையாளர் தருகிறார் என்றால் மளிகைக்கடைக்காரர் அவருக்கு மட்டும் எடை குறைக்கத் துணிய மாட்டார். கம்பெனிகளுக்கு இது நன்றாகத் தெரியும். பெரிய மாநிலங்கள் டெலவேரின் சட்டத்தை வரிக்கு வரி நகலெடுத்தாலும் இந்த நம்பிக்கையை நகலெடுக்க முடிவதில்லை. என் கணிப்பில் டெலவேர் ரகசியத்தின் மையம் இதுதான்.

கட்டணம் எவ்வளவு?

ஃபிரான்சைஸ் வரி என்று ஒன்று. லாபத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டெலவேர் கம்பெனியாக இருப்பதற்கான வருடக் கட்டணம். குறைந்தபட்சம் 175 டாலர், வழக்கமான உச்சவரம்பு 2 லட்சம் டாலர், பங்குச் சந்தையில் உள்ள மிகப் பெரியவற்றுக்கு 2.5 லட்சம். மார்ச் 1க்குள் கட்ட வேண்டும். எல்.எல்.சி. (பொறுப்பு வரையறுக்கப்பட்ட, எளிய வகை) நிறுவனமாக இருந்தால் வருடம் 300 டாலரோடு முடிந்தது.

புதிதாகக் கம்பெனி தொடங்குபவர்களைக் கதிகலங்க வைக்கும் இடமும் இதுதான். வெளியிட அனுமதி பெற்ற பங்குகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால், முதல் 10,000 பங்குக்கு 250 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு 10,000க்கும் 85 டாலர். ஸ்டார்ட்அப்கள் வழக்கமாக ஒரு கோடி பங்குகளுக்கு அனுமதி வாங்கி வைக்கும். போட்டுப் பாருங்கள்: 999 முறை 85, கூட 250, ஆக 85,165 டாலர்! வங்கியில் அவ்வளவு பணமே இல்லாத கம்பெனிக்கு இப்படி ஒரு நோட்டீஸ் வரும். பயப்பட வேண்டாம். கம்பெனியின் சொத்து மதிப்பை வைத்துக் கணக்கிடும் இரண்டாவது முறை ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான ஸ்டார்ட்அப்களுக்கு 400 டாலரில் முடியும். கூடவே ஆண்டறிக்கைக்கு 50 டாலர். எது குறைவோ அதைக் கட்டலாம் என்று சட்டமே சொல்கிறது. நோட்டீஸ் மட்டும் பெரிய எண்ணைத்தான் காட்டும்.

கம்பெனிக்கு டெலவேரில் அலுவலகமோ ஆளோ வேண்டாம். கடிதம் வாங்கிக்கொள்ள ஒரு பதிவு முகவர் இருந்தால் போதும். வில்மிங்டன் நார்த் ஆரஞ்ச் தெருவில் 1209ஆம் எண் கொண்ட ஒரு சாதாரணக் கட்டடம்தான் லட்சக்கணக்கான கம்பெனிகளின் சட்டபூர்வ விலாசம்.

மற்ற மாநிலங்களைவிடச் சலுகையான சட்டம் போட்டுக் கம்பெனிகளை இழுக்கும் இதே தந்திரத்தை 1981இல் இன்னொரு முறை ஆடினார்கள். அப்போது விலைவாசியும் வட்டியும் உச்சத்தில். நியூயார்க் போன்ற மாநிலங்களில் வட்டிக்கு உச்சவரம்பு இருந்ததால் கிரெடிட் கார்டு வங்கிகள் நஷ்டத்தில் தவித்தன. வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வட்டியை நாடு முழுதும் வசூலிக்கலாம் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. சிட்டி பேங்கை முதலில் கொத்திக்கொண்டது சவுத் டகோட்டா. அடுத்து டெலவேர். ஆளுநர் பீட் டு பான்ட், ஆமாம், அதே குடும்பம்தான், வட்டி வரம்பை நீக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டப்படி வங்கியின் லாபம் ஏற ஏற வரி வீதம் 8.7இலிருந்து 2.7 சதவீதம் வரை இறங்கியது. பதிலுக்கு 100 பேருக்காவது இங்கே வேலை தர வேண்டியிருந்தது. எம்.பி.என்.ஏ. என்ற கார்டு வங்கி 1982இல் மூடிப்போன ஒரு சூப்பர்மார்க்கெட் கட்டடத்தில் வந்து குடியேறி, இருபது வருடத்தில் மாநிலத்தில் அதிகம் பேருக்கு வேலை தரும் நிறுவனங்களில் ஒன்றானது. 2006இல் அதை பேங்க் ஆஃப் அமெரிக்கா விழுங்கியது. டெலவேர்காரருக்கு வேலை கிடைத்தது. அதற்கான வட்டியைக் கட்டியது நாடு முழுதும் கார்டு வைத்திருந்தவர்கள்.

மற்ற மாநிலங்கள் டெலவேர்மேல் எரிச்சல்படுவதற்கு இதுதான் காரணம். பொம்மைக் கடை டாய்ஸ் ஆர் அஸ், தன் சின்னமான ஒட்டகச்சிவிங்கி ஜெஃப்ரியின் பெயரிலேயே டெலவேரில் ஒரு துணைக் கம்பெனி வைத்து, பிராண்ட் பெயரின் உரிமையை அதற்குக் கொடுத்தது. நாடெங்கும் உள்ள கடைகள் பெயரைப் பயன்படுத்த அதற்கு ராயல்டி கட்டும். கடையிருக்கும் மாநிலத்தில் லாபம் குறையும். டெலவேரோ இப்படி வரும் வருமானத்துக்கு வரி போடுவதில்லை. வரி பற்றிய அந்தப் பிரபலமான பதிலில் கொஞ்சம் உண்மை இருக்கும் இடம் இது. 1993இல் சவுத் கரோலினா நீதிமன்றம் ஜெஃப்ரிக்கு வரி போடலாம் என்றது. பிறகு பல மாநிலங்கள் இந்த ஓட்டையை அடைத்துவிட்டன. கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்று டெலவேர் கேட்பதில்லை என்ற புகார் மட்டும் அப்படியே இருக்கிறது.

யாரும் வந்து கேட்காத பணமும் ஒரு வருமானம். காசாக்கப்படாத காசோலை, மறந்துபோன பங்கு ஆகியவற்றின் சொந்தக்காரர் விலாசம் தெரியாவிட்டால் பணம் கம்பெனி பதிவான மாநிலத்துக்குப் போகும் என்பது 1965 உச்ச நீதிமன்ற விதி. யாருக்கு யோகம் என்று சொல்ல வேண்டியதில்லை. பணம் அனுப்பும் சேவை நடத்தும் மனிகிராம் கம்பெனியின் உரிமை கோராத காசோலைப் பணத்துக்காக மற்ற மாநிலங்கள் சண்டை போட்டு, 2023இல் டெலவேரை ஒருமனதான தீர்ப்பில் தோற்கடித்தன.

காகிதத்தில் வந்த தொழில் காகிதத்திலேயே போய்விடலாம். 2024 ஜனவரியில் சான்சலர் கேத்லீன் மெக்கார்மிக், டெஸ்லா மஸ்க்குக்குக் கொடுத்த 5,580 கோடி டாலர் ஊதியத் திட்டத்தை ரத்து செய்தார். கோபத்தில் மஸ்க் டெஸ்லாவை டெக்சாஸுக்கு மாற்றினார். வேறு சில கம்பெனிகளும் டெக்சாஸ், நெவாடா பக்கம் கிளம்பின. பயந்துபோன சட்டமன்றம் 2025 மார்ச்சில், கம்பெனியைத் தங்கள் பிடியில் வைத்திருக்கும் பெரிய பங்குதாரர்கள்மீது வழக்குப் போடுவதைக் கடினமாக்கித் திருத்தம் கொண்டுவந்தது. அந்த வருட டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் ஊதியத்தையும் திரும்பக் கொடுத்துவிட்டது. பெரிய முதலாளிக்கு வளைந்து கொடுத்துவிட்டார்கள் என்று சிறு முதலீட்டாளர் தரப்பு சொல்கிறது. முழுக்கத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லோருக்கும் ஒரே தராசு என்று சொல்லித்தான் அவர்கள் இத்தனை காலம் கடை நடத்தினார்கள்.

கட்டடத்திலும் இயந்திரத்திலும் ஓடிய தொழில்கள் ஏற்கெனவே மெலிந்துவிட்டன. நியூவார்க் ஊரின் கிரைஸ்லர் கார் ஆலை 2008இல் மூடியது. வில்மிங்டன் அருகே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2009இல். முதலாவது இப்போது பல்கலைக்கழக வளாகம், இரண்டாவது அமேசான் கிடங்கு. டூபான்ட் 2017இல் டவ் கம்பெனியோடு சேர்ந்து, 2019இல் மூன்றாகப் பிரிந்தது. சீஃபோர்டின் நைலான் ஆலையை 2004இலேயே விற்றுவிட்டார்கள்.

அந்த சீஃபோர்டு நகரசபை 2023இல் ஒரு தீர்மானம் போட்டது: ஊரில் சொத்து வைத்திருக்கும் கம்பெனிகளுக்கும் எல்.எல்.சி.களுக்கும் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு. மாநிலத்தில் அது சட்டமாகவில்லை. ஆனால் டெலவேருக்கு இது புதிதும் இல்லை. 2018இல் நியூவார்க்கில் நடந்த ஒரு பொது வாக்கெடுப்பில், பல எல்.எல்.சி.களை நிர்வகித்த ஒருவர் ஒவ்வொன்றின் சார்பிலுமாக 31 ஓட்டுப் போட்டார். அப்போது அது விதிப்படி சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் நியூவார்க் விதியை மாற்றியது.